ஓர் இரவு ஊறட்டும்

அப்பாவின் வள்ளத்தைத் திருக்கடலூர்க் கரையில் கவிழ்த்துப் போட்டால் அன்று பின்னேரம் வரைக்கும் எனக்கும் தம்பிக்கும் சுரண்டல் வேலைதான். வாடை தொடங்கிக் கடல் பொங்குவதற்கு முன்னர் அடிப்பக்கத்தைத் துப்புரவாக்கிவிட வேண்டும். பாசியைச் சிரட்டையால் தேய்ப்பது என் பங்கு, சிப்பியைத் தகட்டால் கெல்லுவது தம்பியின் பங்கு. சிப்பி பெயர்ந்த இடத்தில் ஒரு வெள்ளை வட்டம் மிஞ்சும். அதை நகத்தாலும் கிளப்ப முடியாது.

"முதல் ஒட்டுறது சிப்பியில்லைப் பிள்ளை," என்பார் அப்பா. "முதல் ஒரு வழுவழுப்பு வரும். கண்ணால காணேலாது, கைக்குத்தான் தெரியும். அதுக்கு மேலதான் மற்றதெல்லாம் குடியேறும்."

அப்பா சொன்னது அப்படியே சரி என்று நான் படித்தறிந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. சுத்தமான எந்தப் பொருளைக் கடலில் இறக்கினாலும் சில நிமிடங்களுக்குள் நீரில் கரைந்திருக்கும் புரதமும், சர்க்கரை அலகுகள் கோத்த பல்சக்கரைட்டும் அதன்மேல் மெல்லிய படலமாகப் படிந்துவிடுகின்றன. பற்றீரியா வருவது அதற்குப் பிறகு. பாசியும் சிப்பியின் குடம்பிகளும் அதற்கும் பிறகு. தம்பியின் தகட்டுக்கு மசியாத அந்த வெள்ளை வட்டத்தின் பசையிலும் புரதம் இருக்கிறது.

கடலில் அந்த முதல் படலம் கண்டபடி படிகிறது. ஒரு மூலக்கூறு குப்புற, ஒன்று மல்லாக்க, இன்னொன்று மற்றொன்றின் தோளில். ஆனால் அதே புரதத்தை ஒரு திண்மப் பரப்பின்மேல், ஒரே ஒரு மூலக்கூற்றின் தடிப்பில், எல்லாம் ஒரே திசை பார்த்து நிற்கும்படி படியவைக்கவும் முடியும். யாரும் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குவதில்லை. நிலத்தைச் சரியாகத் தயார்செய்து கரைசலை ஊற்றிவிட்டால் மூலக்கூறுகள் தாமாகவே அடுக்கமைந்துகொள்கின்றன. முதுமாணிப் படிப்பில் இரண்டு வருடம் நான் செய்தது இந்த வேலை. இப்போது திருகோணமலையில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை. ஆனாலும் வருடத்தில் ஒரு நாளாவது இதைக் கதைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

வகுப்பில் நான் பால்ச் சட்டியிலிருந்து தொடங்குவேன். பாலைக் காய்ச்சி இறக்கி வைத்தால் மேலே ஆடை படருகிறதல்லவா? கொழுப்பும் சேர்ந்திருக்கிறது, ஆனால் அந்த ஆடையைத் தோலாகப் பிடித்து வைத்திருப்பது புரதம். கேசீனும் மோர்ப் புரதங்களும் நீருக்கும் காற்றுக்கும் இடைப்பட்ட எல்லைக்கு வந்து, அங்கே கொஞ்சம் அவிழ்ந்து, ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. புரதம் ஏன் எல்லையைத் தேடி வருகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு நீண்ட மாலை. அதில் நீரை விரும்பும் மணிகளும் உண்டு, நீரை வெறுக்கும் மணிகளும் உண்டு. நீருக்குள் இருக்கும்போது வெறுக்கும் மணிகளை உள்ளே ஒளித்து, விரும்பும் மணிகளை வெளியே காட்டிச் சுருண்டுகொள்கிறது. அந்தச் சுருளின் வடிவம்தான் அதன் தொழில். நொதியமாகட்டும், நோய்க்கிருமியைப் பிடிக்க உடல் செய்யும் பிறபொருளெதிரியாகட்டும், வடிவம் குலைந்தால் தொழிலும் போய்விடும்.

அப்படியான ஒரு புரதத்தைப் பிளாஸ்டிக் போன்ற நீர்வெறுக்கும் பரப்பின் பக்கம் கொண்டுபோனால், உள்ளே ஒளித்து வைத்திருந்த மணிகளுக்கு வெளியிலேயே ஒரு புகலிடம் கிடைக்கிறது. பரப்பையும் அந்த மணிகளையும் சூழ்ந்து கட்டுப்பட்டு நின்ற நீர் மூலக்கூறுகள் விடுபட்டுக் கலைகின்றன. எந்திரப்பி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, கூடுகிறது. சக்திக் கணக்கு ஒட்டுவதற்குச் சாதகமாகிவிடுகிறது. பிறகு புரதம் மெல்ல மெல்லப் பரவிப் படுத்துவிடும். படுத்தது எழும்பாது. ஆகவே புரதத்தை ஒட்டவைக்க யாரும் பாடுபட வேண்டியதில்லை. கண்ணாடி, உருக்கு, பிளாஸ்டிக், மருத்துவர்கள் உடலுக்குள் வைக்கும் செயற்கை மூட்டு, எதிலும் அது ஒட்டும். அதை வடிவம் குலையாமலும் முகம் பார்க்க வேண்டிய திசையைப் பார்த்துக்கொண்டும் நிற்கவைப்பதுதான் பாடு.

ஒற்றை மூலக்கூற்றுத் தடிப்பு என்ற எண்ணமே எண்ணெயிலிருந்து வந்தது. கிண்ணியாவுக்குப் பாலம் வருவதற்கு முன் நாங்கள் பாதை என்று சொல்லும் மிதவைப் படகில்தான் அக்கரைக்குப் போவோம். மோட்டரிலிருந்து கசிந்த எண்ணெய் இறங்குதுறை ஓரத்தில் மயில்கழுத்து நிறத்தில் விரிந்து கிடக்கும். நிறம் தெரிகிற இடத்தில் படலம் இன்னும் தடிப்பாக இருக்கிறது என்று அர்த்தம். மூலக்கூற்றுத் தடிப்புக்கு மெலிந்த படலம் எந்த நிறமும் காட்டாது. பெஞ்சமின் பிராங்கிளின் இலண்டனில் கிளப்பம் பொதுவெளிக் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றி, அரை ஏக்கர் அளவு நீர் கண்ணாடிபோல் அமைதியானதை 1774இல் எழுதினார். கரண்டியின் கனவளவை அந்தப் பரப்பால் வகுத்தால் ஏறத்தாழ 2 நனோமீற்றர் வருகிறது, அதாவது ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் அதில் இரண்டு பங்கு. அவர் வகுத்துப் பார்க்கவில்லை. மாணவர்களை நான் வகுக்கச் சொல்வேன். விடை வந்ததும் வகுப்பு ஒரு கணம் அமைதியாகும். ஒரு தேக்கரண்டியையும் ஒரு குளத்தையும் வைத்து மூலக்கூற்றின் உயரத்தை அளந்துவிட்டோம் என்று அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கும்.

ஆனால் இந்த வரலாற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமானவர் அக்னெஸ் பொக்கெல்ஸ். ஜேர்மனியில் பிறவுன்ஷ்வைக் ஊரில் பெற்றோரைப் பராமரித்துக்கொண்டு வீட்டிலிருந்தவர். அந்தக் காலத்தில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. அவர் சமையலறையில் ஒரு தட்டில் நீரை நிரப்பி, அதன் குறுக்கே ஒரு தகட்டுக் கீற்றை வைத்துத் தள்ளித் தள்ளி, மேலே மிதக்கும் அழுக்கும் கொழுப்பும் நெருங்க நெருங்கப் பரப்பிழுவிசை எப்படி மாறுகிறது என்று அளந்தார். அதற்கான தராசையும் தானே செய்துகொண்டார். 1891இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ரேலி அதை 'நேச்சர்' இதழுக்கு அனுப்பி அச்சேற்றினார். பின்னாளில் இர்விங் லாங்மியூர் நீர்மேற் படலங்களை ஆராய்ந்து 1932இல் நோபல் பரிசு பெற்றபோது அவர் பயன்படுத்திய தட்டு, இந்தச் சமையலறைத் தட்டின் வழிவந்ததுதான். லாங்மியூருடன் வேலைசெய்த கதரின் பிளொட்ஜெட் அந்தப் படலங்களைக் கண்ணாடியின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக எடுத்துப் படியவைத்தார். எங்கள் வகுப்பில் ஒரு பேசினில் தண்ணீர், மேலே பேபி பவுடர் தூவல், நடுவில் ஈர்க்கு நுனியால் ஒரு பொட்டுச் சவர்க்காரம். பவுடர் ஓடி ஒதுங்கும் வேகத்தைப் பார்த்த பிள்ளைகளுக்குப் பரப்பிழுவிசையை நான் விளக்க வேண்டி வந்ததில்லை.

பொக்கெல்சின் அடுக்குகள் நீரின்மேல் மிதந்தன. திண்மத்தின்மேல் தானாக அடுக்கமையும் படலத்துக்கு இன்று எல்லோரும் எடுத்துக்காட்டுவது பொன்னும் கந்தகமும். 1983இல் அமெரிக்காவில் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த நுஸ்ஸோவும் அல்லாராவும் கந்தகம் கொண்ட சேதனச் சேர்வைகள் பொன்மேல் ஒழுங்காக அடுக்கமைவதைக் காட்டினார்கள். செய்முறை வியப்பூட்டும் அளவுக்கு எளிது. ஒரு நுனியில் கந்தகமும் ஐதரசனும் சேர்ந்த தயோல் கூட்டமும் மறு நுனியில் நமக்கு வேண்டிய கூட்டமும் உள்ள நீண்ட காபன் சங்கிலியை எதனோலில் கரைக்க வேண்டும். ஒரு இலீற்றரில் ஒரு மூலில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். பொன் பூசிய தகட்டை அதற்குள் போட்டு மூடி வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம்? நான் ஆய்வுகூடத்துக்குப் போன முதல் வாரத்தில் கேட்ட கேள்வி இது. "ஓர் இரவு ஊறட்டும்" என்றார்கள். உழுந்து ஊறப்போட்டதுபோல் பட்டது எனக்கு. ஆனால் அளந்து பார்த்தால் கந்தகம் பொன்னைப் பிடிப்பதற்கு இரவு தேவையில்லை. சில செக்கன்களிலிருந்து சில நிமிடங்களுக்குள் பரப்பின் பெரும்பகுதி நிரம்பிவிடுகிறது. அந்த நேரத்தில் எடுத்துப் பார்த்தால் சங்கிலிகள் அங்குமிங்கும் சாய்ந்து, இடையிடையே வெற்றிடம் விட்டு, புயலுக்குப் பிறகு கிடக்கும் தென்னந்தோப்பு மாதிரி இருக்கும். மீதி மணித்தியாலங்கள் முழுவதும் ஒழுங்குக்கான நேரம். கந்தகம் பொன்மேல் மெல்ல நகர்கிறது. பிழையாக நின்ற மூலக்கூறு விடுபட்டுப் போகிறது, வேறொன்று வந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கி, வந்தர்வாலிசு விசை என்ற மெல்லிய கவர்ச்சியால் இழுபட்டு, எல்லாம் நிமிர்விலிருந்து ஏறத்தாழ 30 பாகை ஒரே பக்கம் சரிந்து, அரை நனோமீற்றர் இடைவெளியில் வரிசையாக நிற்கின்றன.

கந்தகத்துக்கும் பொன்னுக்கும் இடையிலான பிடி பலமானதுதான். ஆனால் விடவே முடியாத பிடியல்ல. விட முடிவதால்தான் ஒழுங்கு வருகிறது. முதல் தொட்ட இடத்திலேயே இறுகிப் போயிருந்தால் பிழையும் அங்கேயே இறுகிப் போயிருக்கும். வள்ளத்து அடியில் இருந்த சிப்பிப் பசைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்று விளங்கிய நாளில் அப்பாவுக்குத் தொலைபேசியில் சொல்ல முயன்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப உங்கட பசை விட்டு விட்டுப் பிடிக்கும் பசை" என்றார். அதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இனிப் புரதத்துக்கு வருகிறேன். எனக்குத் தந்த பணி, பொன் தகட்டில் பிறபொருளெதிரிகளை நிறுத்துவது. பிறபொருளெதிரியின் உருவம் நம் ஊர்ப் பொடியன்கள் மாங்காய் அடிக்க வெட்டும் கவட்டைக் கம்பு மாதிரி. மேலே இரண்டு கிளை, கீழே ஒரு தண்டு. உயரம் பத்துப் பதினைந்து நனோமீற்றர், மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 150,000 டால்டன். நோய்க்கிருமியின் துண்டைப் பிடிப்பது கிளைகளின் நுனி மட்டும்தான். ஆகவே தண்டு கீழே, கிளை மேலே என்று நிற்க வேண்டும். கிளை நிலத்தில் குத்தித் தண்டு மேலே இருந்தால் அது அங்கே இருப்பதும் இல்லாததும் ஒன்று.

நான் பின்பற்றியது அப்போது பலரும் பின்பற்றிய வழி. தயோல் அடுக்கின் மேல்நுனியில் காபொட்சிலிக் கூட்டங்களை வைத்து, அவற்றை வினைத்திறனாக்கி, பிறபொருளெதிரியின் மேற்பரப்பில் இருக்கும் லைசீன் என்ற அமினோ அமிலத்தின் அமைன் கூட்டத்தோடு பிணைப்பது. அளப்பதற்குக் குவார்ட்சுப் பளிங்குத் தராசு. பளிங்கு அதிர்ந்துகொண்டிருக்கும், மேலே எது படிந்தாலும் அதிர்வெண் இறங்கும். 1959இல் சவர்பிறே எழுதிய சமன்பாட்டின்படி, 5 மெகாஹேட்ஸ் பளிங்கில் 1 ஹேட்ஸ் இறங்கினால் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 17.7 நனோகிராம் படிந்திருக்கிறது. இரண்டு பேர் படுக்கும் ஒரு பாயின் பரப்பை ஒற்றை அடுக்குப் புரதத்தால் மூடச் சில மில்லிகிராம் போதும். அந்தச் சில மில்லிகிராமிலும் துண்டு துணுக்கைத் திரையில் கோடாகக் காட்டும் தராசு அது. எனக்குக் கோடு அழகாக இறங்கியது. படிந்த நிறை நான் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே இருந்தது. சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

அடுத்த நாள் அதன்மேல் பிறபொருளெதிரி பிடிக்க வேண்டிய இலக்கான பிறபொருளெதிரியாக்கியின் கரைசலை விட்டபோது கோடு அசையவே இல்லை என்று சொல்லலாம். மறுபடி செய்தேன். தாங்கற் கரைசலை மாற்றினேன், பி.எச் மாற்றினேன், புதுக் குப்பி உடைத்தேன். நான்கு மாதம் போனது. நிறை இருந்தது, வேலை இல்லை. லைசீன் புரதத்தின் உடம்பெங்கும் இருக்கிறது, கிளை நுனியிலும் இருக்கிறது. எந்த லைசீன் முதலில் தொடுகிறதோ அதிலேயே பிணைப்பு விழுந்துவிடும். ஒருமுறை விழுந்தால் அது அவிழாத பிணைப்பு. கவட்டைகள் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் கிடந்து இறுகிப் போயிருந்தன. போதாததற்கு, நெருக்கமும் மிதமிஞ்சியிருந்தது. கோணேசர் கோயில் தேரன்று சனத்துக்குள் அகப்பட்டவருக்குத் தெரியும், கையிருந்தும் உயர்த்த இடமிருக்காது. நிமிர்ந்து நின்ற சில கவட்டைகளுக்கும் அந்த நிலைமைதான்.

அந்த நான்கு மாதத்தில் படிப்பை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடலாமா என்று பலமுறை யோசித்தேன். அம்மாவிடம் சொன்னபோது அவர் அழவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

வழி திறந்தது வேறொரு புரதத்தால். தோலில் கட்டிகளை உண்டாக்கும் இசுத்தபிலோகொக்கசு ஓரியசு என்ற பற்றீரியா தன் உடம்பின்மேல் 'புரதம் ஏ' என்ற ஒன்றை வைத்திருக்கிறது. அது பெரும்பாலும் பிறபொருளெதிரியின் தண்டைத்தான் பிடிக்கும். நம் உடலின் பாதுகாப்பைத் தலைகீழாகத் திருப்பிவிட அந்தக் கிருமி வைத்திருக்கும் தந்திரம் அது. அதையே நமக்கு உதவியாக எடுத்துக்கொள்ளலாம். புரதம் ஏயின் ஒரு நுனியில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஒரே ஒன்று வரும்படி மரபணுவை மாற்றித் தயாரித்தால், சிஸ்டீனின் கந்தகம் பொன்னைப் பிடிக்கும், மறு நுனி தண்டை வாங்கும். இடைவெளிகளில் எதிலீன் கிளைக்கோல் அலகுகள் கோத்த தயோல்களை நிரப்பினோம். அந்த நுனி நீரை அவ்வளவு இறுக்கமாக வைத்துக்கொள்வதால் புரதம் அங்கே ஒட்ட இடம் கிடைப்பதில்லை. 1991இல் பிரைமும் வைற்சைட்சும் இதைக் காட்டியிருந்தார்கள். எல்லாவற்றிலும் ஒட்டுவதையே குணமாகக் கொண்ட ஒன்றுக்கு ஒட்டாத நிலம் ஒன்றைச் செய்து காட்டியது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நான்கு மாதம் தோற்றவளுக்குத்தான் தெரியும். இந்த முறை படிந்த நிறை முன்னையதைவிடக் குறைவு. ஆனால் பிறபொருளெதிரியாக்கியை விட்டதும் கோடு இறங்கியது. நான் கதிரையிலிருந்து எழுந்துவிட்டேன்.

இதுவரை சொன்னதில் புரதத்தின் பெயரால் ஒழுங்கைச் சுமந்தது கீழே உள்ள தயோல் அடுக்கு. புரதமே தன்னைத்தானே பாயாகப் பின்னிக்கொள்வதும் உண்டு. பல பற்றீரியாக்களும், பற்றீரியா போன்ற இன்னொரு வகை நுண்ணுயிர்களான ஆர்க்கியாக்களில் பெரும்பாலானவையும் தம் கலத்தின் வெளிப்பக்கத்தை ஒரே வகைப் புரதம் திரும்பத் திரும்ப அடுக்கிய ஒரு போர்வையால் மூடியிருக்கின்றன. மேற்பரப்பு அடுக்குப் புரதம் என்பார்கள். வியன்னாவில் ஊவே சிலைட்டரும் அவரது குழுவினரும் பல பத்தாண்டுகள் இதைப் பின்தொடர்ந்தார்கள். போர்வையைச் செறிந்த யூரியா அல்லது குவனிடீன் கரைசலில் போட்டால் ஐதரசன் பிணைப்புகள் தளர்ந்து தனித்தனிப் புரதங்களாகக் கழன்றுவிடும். தம்பலகாமத்து வயல்களில் எறிகிறார்களே, அதே யூரியா. பிறகு யூரியாவை மெல்லக் கழுவி எடுத்துவிட்டால் அவை மறுபடியும் கூடிப் போர்வையாகின்றன. கலமே தேவையில்லை. சிலிக்கன் தகட்டைக் காட்டினாலும் அதன்மேல் விரிகின்றன. சில வகைகளுக்குக் கல்சியம் அயன் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஒழுங்கு எழுவதே இல்லை.

எங்கள் பக்கத்து அறையில் வேலைசெய்த ஒருவர் அணுவிசை நுணுக்குக்காட்டியில் எனக்கு ஒன்றைக் காட்டினார். 1986இல் வந்த கருவி அது. மிகக் கூர்மையான ஊசிநுனி பரப்பைத் தடவிப்போய் மேடுபள்ளத்தைப் படமாக்கும். திரையில் சதுரம் சதுரமாக ஒரு பின்னல். ஒரு சதுரத்தின் பக்கம் ஏறத்தாழ 13 நனோமீற்றர். ஒவ்வொரு சதுரத்திலும் நான்கு புரதங்கள், நடுவில் ஒரே அளவான துளை. மூதூரில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் இருந்து பன்பாய் இழைத்தது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. பன்னைக் காயவைத்து, சாயம் ஏற்றி, ஒன்று மேலே ஒன்று கீழே என்று கோத்துக்கொண்டு போவார். ஓர் இழை மாறினாலும் பிரித்துத் திரும்ப இழைப்பார். இங்கே இழைப்பவர் இல்லை. தவறிச் சேர்ந்த புரதம் போதிய பிடி கிடைக்காமல் தானே கழன்று கரைசலுக்குத் திரும்புகிறது, சரியாகச் சேர்ந்தது நான்கு பக்கமும் பிடிபட்டு நிற்கிறது. ஓரிடத்தில் கரு விழுந்து ஓரங்களில் வளருகிறது. வெவ்வேறு கருவிலிருந்து வளர்ந்த இரண்டு துண்டுகள் சந்திக்கும் இடத்தில் ஒரு தையல் தெரிந்தது. அந்தத் தையலைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், வெப்பத்தைத் தாங்குற பற்றீரியாவிலயும் இது இருக்கோ? அப்ப கன்னியாக் கிணத்துக்கயும் இருக்குமோ?" வெப்பவிரும்பிகள் சிலவற்றில் இந்தப் போர்வை உண்டு, 55 பாகை செல்சியசில் சுகமாக வளரும் ஒரு வகையின் போர்வையை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். கன்னியாவின் ஏழு கிணற்றுத் தண்ணீரும் நாம் தலையில் வார்த்துக் குளிக்கக்கூடிய சூடுதான். ஆனால் இந்தப் போர்வைக்காக வெந்நீர் ஊற்றைத் தேடிப் போகத் தேவையில்லை, நம் காலடி மண்ணில் வாழும் பற்றீரியாக்களிலும் உண்டு என்றேன். அவள் சப்பாத்துக்கு அடியைத் திருப்பிப் பார்த்தாள்.

அவள் வெப்பத்தைப் பற்றிக் கேட்டது எனக்கு வேறொன்றையும் கிளறிவிட்டது. 2017இல் இலங்கை முழுவதும் டெங்கு பரவி 186,000க்கும் மேற்பட்டோர் நோயாளிகளாகப் பதிவானார்கள். அந்த வருடத் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில் கிண்ணியா படாத பாடு பட்டது. எங்கள் வீட்டிலும் தம்பியின் மூத்த மகனுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் விரல்நீளப் பட்டை ஒன்றில் சோதித்தார்கள். டெங்கு வைரசு இரத்தத்தில் விடும் என்.எஸ்.1 என்ற புரதத்தைத் தேடும் பட்டை அது. அதற்குள் நடப்பது நான் வெளிநாட்டில் செய்த வேலைதான். பொன் நனோத்துணிக்கைகளின் மேல் பிறபொருளெதிரிகள் ஒட்டியிருக்கும். இரத்தத் துளியோடு அவை நைத்திரோசெலுலோசு மென்சவ்வின் வழியே ஊர்ந்து போகும். கோட்டில் காத்திருக்கும் இன்னொரு பிறபொருளெதிரி, என்.எஸ்.1ஐச் சுமந்து வரும் துணிக்கைகளை மட்டும் பிடித்து நிறுத்தும். நனோ அளவுப் பொன் சிவப்பாகத் தெரியும். இருபது நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டாவது கோடு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத மங்கலில் வந்தது. தம்பி என்னைப் பார்த்தான். "அக்கா, நீ படிச்சதுதானே, சொல்லு."

மங்கலான கோடும் கோடுதான் என்று சொன்னேன். பிள்ளையை வாட்டில் சேர்த்து, நீராகாரம் பார்த்து, குருதிச்சிறுதட்டு எண்ணிப் பத்து நாளில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஆனால் அந்த மங்கல் என்னை விடவில்லை. மென்சவ்வில் அந்தக் கோட்டைப் போடும்போது பிறபொருளெதிரிகள் பெரும்பாலும் கண்டபடிதான் ஒட்டுகின்றன. ஒரு பகுதி குப்புறக் கிடக்கிறது. மலிவாக, இலட்சக்கணக்கில் செய்ய அதுதான் வழி, அது எத்தனையோ உயிரைக் காப்பாற்றியும் இருக்கிறது. இருந்தாலும் எல்லாக் கவட்டைகளும் நிமிர்ந்து நின்றால், அதே துளி இரத்தத்தில் அதே கோடு இன்னும் அழுத்தமாகத் தெரிய வாய்ப்பிருக்கிறது. இன்னொன்று, இப்படியான பட்டைகளின் பெட்டியில் பொதுவாக 30 பாகைக்குக் கீழே வைக்கச் சொல்லி எழுதியிருக்கும். எங்கள் ஊரில் சித்திரை, வைகாசி மதியத்தில் தகரக் கூரைக்குக் கீழே 30 பாகை எங்கே இருக்கிறது? குளிர்ப்பெட்டி இல்லாத சிறு மருந்தகத்தில் அந்தப் பெட்டி கிடக்கும்போது புரதம் மெல்ல அவிழ்கிறது. சூட்டைத் தாங்கும் போர்வைப் புரதத்தை நிலமாக விரித்து, அதன்மேல் பிறபொருளெதிரியை ஒழுங்காக நிறுத்தும் முயற்சிகள் எனக்கு வெறும் அழகுக்காக முக்கியமில்லை. இந்த வேலை சூடான ஊர்களில் இருப்பவர்களால், சூடான ஊர்களுக்காகச் செய்யப்பட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். என் வகுப்பிலிருந்து ஒருத்தியாவது அதற்குப் போனால் போதும்.

ஊருக்குத் திரும்பும்போது ஆய்வுகூடத்திலிருந்து நினைவுக்காக ஒரு பொன் தகடு கொண்டுவந்தேன். பெருவிரல் நகத்தளவு கண்ணாடி, மேலே கண்ணுக்கு மினுங்கும் பொன் பூச்சு, அதன்மேல் நுனியில் மெதைல் கூட்டம் உள்ள தயோல் அடுக்கு. அந்த நாளில் அதன்மேல் ஒரு துளி தண்ணீர் விட்டால் சேம்பிலையில் விட்டதுபோல் உருண்டு நிற்கும். துளியின் ஓரம் பரப்போடு ஏறத்தாழ 110 பாகை கோணத்தில் தொடும். கடந்த மாதம் வகுப்பில் காட்டலாம் என்று பெட்டியிலிருந்து எடுத்து ஒரு துளி விட்டேன். துளி பரவிப் படுத்துவிட்டது. காற்றிலுள்ள ஓசோனும் ஒட்சிசனும் இத்தனை வருடத்தில் கந்தகத்தை ஒட்சியேற்றிவிட்டன. ஒட்சியேறிய கந்தகத்துக்குப் பொன்மேல் பிடி இல்லை. அடுக்கு போய்விட்டது, பொன் மட்டும் இருந்தது.

பேராதனையில் ஆய்வு செய்யும் தோழி ஒருத்தி சிறு குப்பியில் பதினெட்டுக் காபன் சங்கிலி கொண்ட ஒக்ரடெக்கேன்தயோல் அனுப்பி வைத்தாள். சென்ற வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மாணவர்கள் நின்றார்கள். தகட்டை எதனோலில் நன்றாகக் கழுவினோம். பழைய ஒட்சியேறிய மிச்சம் அதிலேயே போய்விடும். ஜாம் போத்தல் ஒன்றில் கரைசலை ஊற்றித் தகட்டை இறக்கி மூடினோம். ஒரு மணித்தியாலம் போனதும் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. எடுத்து, கழுவி, காயவைத்து, ஒரு துளி விட்டார்கள். துளி உருண்டு நின்றது. கை தட்டினார்கள்.

"சரி வந்திட்டுது மிஸ். வீட்ட போவமே?"

வந்திருக்கிறதுதான். கண்ணால் பார்த்தால் இப்போதைய துளிக்கும் நாளைய துளிக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை என்று அவர்களிடம் சொன்னேன். சங்கிலிகள் இன்னும் சாய்ந்து சாய்ந்து இடம் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்றும் சொன்னேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, கன்னியாவைப் பற்றிக் கேட்டவள் தகட்டை இடுக்கியால் எடுத்து மறுபடியும் போத்தலுக்குள் இறக்கி மூடியை இறுக்கினாள். அலுமாரியின் மேல்தட்டில் வெயில் படாத பக்கமாக வைத்துவிட்டு, "நாளைக்குக் காலமை எத்தனை மணிக்குத் திறப்பீங்கள் மிஸ்?" என்று கேட்டாள்.